சிங்கத்துக்கு இடம் குறைந்த கதை

1967 பெப்ரவரி 3, வெள்ளிக்கிழமை. வானம் தெளிவு. வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. சூரியன் கிளம்பும்போது கொடியை ஏற்றினேன். தூரநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தேன். கொடிக்கம்பத்துக் கப்பிக்கு எண்ணெய் விட்டேன். உள்துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் பெயர்களைப் பலகையில் எழுதினேன். என் மனைவி பரமேஸ்வரி கொண்டுவந்த தேநீரில் சீனி கூட என்று சொன்னேன். அவள் வழமைபோல அதைக் காதில் வாங்கவில்லை.

என் நாட்குறிப்பில் அன்றைய காலை இவ்வளவுதான். அடுத்த வரியில் "கப்டன் வரச் சொன்னார்" என்று இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று நாட்களுக்கு என் கையெழுத்து வேறொருவருடையது போல இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் சமிக்ஞை நிலையத்து இளைஞர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வந்த நைலோன் கொடியைக் காட்டி, "ஐயா, இது நுனி பிரியாது. இனிக் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். நான் சிங்கத்தை வெட்டிய ஆள் என்று ஊழியர்களிடையே ஒரு கதை சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிங்கம் ஒரு காலை இழக்கிறது. கடைசியாக என் காதுக்கு வந்தபோது வாலும் வாளும்தான் மிஞ்சியிருந்தன. ஓய்வுபெற்றவனுக்கு வேறு வேலை இல்லாததால், சிங்கத்தின் கால்களைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யுத்த காலத்தில், மீசை அரும்பும் வயதில், திருகோணமலையில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் கொடி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மடித்தேன், விரித்தேன், திட்டு வாங்கினேன், நிறங்களைக் கொண்டு கப்பல்களோடு பேசக் கற்றேன். தளம் கைமாறியபோது துறைமுக அலுவலகம் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது. குன்றின் மேல் சமிக்ஞை நிலையம். பக்கத்தில் இரண்டு அறையும் குசினியும் உள்ள அரசாங்க வீடு. அங்கிருந்த பொறுப்பாளர் ஓய்வுபெற்றதும் என்னைப் "பதில் பொறுப்பாளர்" ஆக்கினார்கள். உண்மையான பொறுப்பாளர் ஒருவர் எந்த நாளும் கொழும்பிலிருந்து வந்து இறங்கலாம், வந்தால் வீடும் அவருக்கு என்பது அதன் பொருள். பரமேஸ்வரி குசினிக்குப் பின்னால் முருங்கைத் தடி ஊன்றியபோது, "இது காய்க்கிறது எங்களுக்கோ, வாற ஆளுக்கோ?" என்று கேட்டாள். முருங்கை நன்றாகவே காய்த்தது. நான் பதில் பொறுப்பாளராகவே இருந்தேன்.

வெள்ளைக்காரரிடம் கற்றதில் ஒன்று என்னோடு ஒட்டிக்கொண்டது. வெளியில் பறக்கும் கொடி நடுவில் கிழிவதில்லை. கம்பத்துக்குத் தூரமான நுனிதான் சாட்டைபோல அடித்து அடித்து நூல் நூலாகப் பிரியும். அதை விட்டால் பிரிவு உள்ளே ஓடும். ஆகவே பிரிந்த நுனியை ஒரு விரல் அகலத்துக்கு நேராக வெட்டி, கரையை மடித்துத் தைத்துவிட வேண்டும். சமிக்ஞைக் கொடிகளுக்கு இது நல்ல முறை. கப்பல்காரன் நிறத்தைத்தான் பார்ப்பான். நீளத்தை யார் பார்க்கிறார்கள்?

இதையே நான் தேசியக் கொடிக்கும் கைக்கொண்டேன்.

கொடியின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பத்துப் பக்கம் இரண்டு நிலைக்குத்துப் பட்டிகள். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. அவற்றுக்கு அப்பால் கருஞ்சிவப்பு நிலத்தில் வாளேந்திய சிங்கம், சிங்களவருக்கு. சுற்றிவர மஞ்சள் கரை. அது பௌத்தத்தைக் குறிக்கும் என்பார் சிலர், எல்லாரையும் சேர்த்துக் கட்டுகிறது என்பார் சிலர். நான் ஆளைப் பார்த்துச் சொல்வேன். சுதந்திரம் கிடைத்த நாளில் சிங்கம் மட்டும்தான் இருந்தது. பட்டிகள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தன. மூலைகளில் அரசிலைகள் வந்தது நாடு குடியரசான பிறகு. நான் சொல்லும் காலத்தில் அங்கே சிறிய மஞ்சள் கூர்கள் இருந்தன.

ஆகவே காற்றின் அடி முழுவதையும் வாங்குவது சிங்கத்தின் பக்கம். கம்பத்தோடு ஒட்டியிருந்த எங்கள் பட்டிகள் இரண்டுக்கும் ஒன்றும் நேராது. இதை அப்போதே யோசித்திருந்தால் இன்றைக்கு எழுத எதுவும் இருந்திராது.

தைத்தவர் யூசுப் நானா. கிண்ணியாக்காரர். நாள்தோறும் படகில் துறை கடந்து வந்து, பட்டினத்துக் கடைத்தெருவில் தையல் மெசினோடு உட்காருவார். நான் வெட்டிக் கொடுத்ததும் மஞ்சள் கரையைப் பிரித்து எடுப்பார், உள்ளே தள்ளித் தைப்பார், மூலைக் கூர்களையும் கழற்றி ஒரு விரல் உள்ளே நகர்த்துவார். வெட்டிய தடமே தெரியாது. வினை அதில்தான் இருந்தது. கொஞ்சம் மோசமாகத் தைத்திருந்தால் முதல் வருடமே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

எனக்கோ தலைக்கனம். கப்பல்களைப் பார்க்கத் தந்த தூரநோக்கியைத் திருப்பி, பட்டினத்தில் மற்ற அலுவலகங்களின் கொடிகளைப் பார்ப்பேன். நுனி பிய்ந்து, தும்பு தும்பாகத் தொங்கும். அவர்களுக்காகப் பரிதாபப்படுவேன். வருடத்துக்கு ஒருமுறை கொழும்புத் தலைமை அலுவலகம் "புதிய கொடி தேவையா?" என்று கேட்கும். "தேவையில்லை. கொடி நல்ல நிலையில் உள்ளது" என்று பதில் எழுதுவேன். மூன்றாவது வருடம் யாரும் கேளாமலே "நுனி மிகச் சீராக உள்ளது" என்றும் சேர்த்துவிட்டேன். நான் கயிற்றை அளப்பவன், மழையை அளப்பவன், தேநீரில் சீனியை அளக்கச் சொல்லி மனைவியிடம் ஏச்சு வாங்குபவன். அளக்காத ஒரே பொருள் அந்தக் கொடி. வெட்டுவது நானே என்பதால் அளக்கத் தேவையில்லை என்று எண்ணினேன்.

இனி கப்டனிடம் வருகிறேன். எங்கள் துறைமுகத்துக்குப் பொறுப்பான கப்டன் ரொட்ரிகோ நீர்கொழும்பு ஆள். எங்களோடு தமிழில்தான் பேசுவார். அவர் கதிரையில் அமர்ந்து நான் கண்டதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு யன்னலால் கடலைப் பார்ப்பார். பதில் முடியும்வரை திரும்பமாட்டார். பதில் பிழையென்றால் இன்னும் கொஞ்சம் கடலைப் பார்ப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதிரே நிற்பவன் தானாகவே பதிலைத் திருத்திக்கொள்வான். அவர் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று காலை குன்றின் அடியிலுள்ள அவருடைய அறையில் நின்றேன்.

"செல்வரத்தினம், நாளைக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலயிருந்து உதவி ஆணையாளர் வாறார். என்னத்துக்கு வாறார்?"

"சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு, சேர்."

கடலைப் பார்த்தார்.

"என்ர நியமனத்துக்கு, சேர்."

"உம்முடைய கொடியைப் பார்க்க வாறார். தீவு முழுக்க வருசத்துக்கு ஒரு கொடி கேட்கினம். கேளாத ஒரே ஆள் நீர். அப்பிடிப்பட்ட ஆளை நிரந்தரமாக்கினால் என்ன எண்டு அவர் நினைக்கிறார். கொடியைப் பார்த்திட்டுத்தான் கையெழுத்து வைப்பார்." பிறகு திரும்பினார். "அதைக் கொண்டு வாரும். ஒருக்கால் விரிச்சுப் பார்ப்பம்."

மேலே போய்க் கொடியை இறக்கி, மடித்து, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அவருடைய அறையில் கடல் வரைபடங்கள் விரிக்கும் பெரிய மேசை ஒன்று உண்டு. அதில் கொடியை விரித்து, கையால் நீவிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

பாராட்டு வரவில்லை. கப்டன் மேசையின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மரம் தெரிந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கொடி புதிதாக வந்தபோது இதே மேசையில்தான் விரித்தோம். அப்போது மேசை போதாமல் நுனி கீழே தொங்கியது. அது எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

சுவரில் அரசாங்கம் அனுப்பிய கொடிப் படம் இருந்தது. படத்தில் சிங்கம் தன் நிலத்தின் நடுவில் ஆறுதலாக நின்றது. மேசையில் கிடந்த சிங்கமோ நெரிசல் பஸ்ஸில் கதவோரம் நிற்பவனைப் போல, வால் மஞ்சள் கரையை முட்ட நின்றது. அதற்கு முன்னால் பச்சையும் செம்மஞ்சளும், கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்த சம்பந்திகள் மாதிரி அகன்று கிடந்தன.

கப்டன் இலாச்சியிலிருந்து கவராயத்தை எடுத்தார். கொடி அகலத்தைப்போல இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். அவர் கவராயத்தின் கால்களை மாற்றி மாற்றி வைத்து நீளத்தை அளந்துகொண்டே போனார். அது இடையிலேயே கொடியை விட்டு இறங்கி மேசையில் நின்றது.

"சிங்கத்துக்குப் பின்னால இருந்த துணி எங்க?"

"வெட்டினனான், சேர்."

"எவ்வளவு?"

"ஒரு முறைக்கு ஒரு விரல், சேர். வாடைக் காத்துக்கு ஒருக்கால், கச்சான் காத்துக்கு ஒருக்கால். சில நேரம் இடையிலயும்."

"வெட்டின துண்டுகள்?"

"வைச்சிருக்கிறன், சேர்."

வீட்டுக்கு ஓடி பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து திறந்தேன். துண்டுகள் சுருள் சுருளாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வெட்டிய திகதி எழுதிய சீட்டு நூலால் கட்டப்பட்டிருந்தது. கப்டன் ஒரு சீட்டை எடுத்துத் திகதியை வாசித்தார்.

"உம்மைப் பிடிக்க வாற பொலிசுக்கு வேலையே இருக்காது," என்றார். பிறகு, "இன்னும் மூண்டு வருசம் போயிருந்தால் நீரும் உம்முடைய தையல்காரரும் சிங்கத்தைக் கடலுக்குள்ள இறக்கியிருப்பீர்கள்."

அவர் சிரிக்கவில்லை.

"வெட்டினது தமிழர். தைச்சது முஸ்லிம். குறைஞ்சது சிங்கம். நான் உம்மை நம்புவன், செல்வரத்தினம். நாளைக்கு வாறவரும் நம்போணும் எண்டு சட்டமில்லை."

அதுவரை நிரந்தர நியமனமும் வீடும்தான் கேள்வி என்று நினைத்திருந்தேன். வேலையே கேள்வி என்பது அப்போதுதான் விளங்கியது. கம்பத்தோடு பிரியாமல் இருக்கும் பட்டிகளைப் பற்றியும், சாட்டைபோல அடிக்கும் நுனியைப் பற்றியும் காற்றுக்குத் தெரியும். ஒரு விசாரணைக் குழுவுக்கு அதை எப்படி விளக்குவது?

வெள்ளிக்கிழமையாதலால் யூசுப் நானா ஜும்ஆத் தொழுகை முடிந்துதான் வந்தார். தொப்பியைக் கழற்றாமல் மேசையைச் சுற்றி நடந்தார்.

"என்ன நானா இது?" என்று அவரிடமே கேட்டேன். யாரையாவது கேட்க வேண்டியிருந்தது.

"நீங்க கோடு போட்டுத் தந்தீங்க தம்பி, நான் கோட்டில தைச்சன். சிங்கத்தைப் பாக்கச் சொல்லி ஆரும் சொல்லல்லியே." தாடியைத் தடவினார். "மறுகா என்ன, பட்டி ரெண்டையும் ஒடுக்கிப் போடுவமா? பச்சையில நான் கொஞ்சம் விட்டுத் தாறன். செம்மஞ்சள்ள நீங்க விட்டுத் தாங்க."

"அப்பிடி ஒடுக்கினால் கொடி இன்னும் கட்டையாகும்," என்றார் கப்டன்.

"அதுவும் சரிதான். அப்ப சேர், சிங்கத்துக்குத்தான் காணி வாங்கோணும்."

பின்பக்கம் துணி ஒட்டுவது என்று முடிவானது. ஆனால் கடைத்தெருவிலிருந்து அவர் கொண்டுவந்த கருஞ்சிவப்புத் துணியைக் கொடியின் பக்கத்தில் வைத்ததும் அந்த முடிவும் கலைந்தது. மூன்று வருட வெயிலில் கொடியின் நிறம் பழைய செங்கல் போலாகியிருந்தது. புதுத் துணி பக்கத்தில் வைத்த குங்குமம் போல எரிந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் கடலில் நிற்கும் கப்பலுக்கும் ஒட்டுத் தெரியும்.

கப்டன் யன்னலுக்குத் திரும்பினார். நான் வழமைபோலக் கடலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. யன்னல் சீலையைப் பார்த்தார். அரசாங்கக் களஞ்சியத்தில் தந்த கருஞ்சிவப்புச் சீலை, கிழக்கு யன்னல், வருடக்கணக்காகக் காலை வெயில். கையை உயர்த்தி ஒரு பக்கச் சீலையைக் கழற்றினார். மேசையில் கொடியின் அருகே வைத்தார். நிறம் ஒன்றாகவே இருந்தது.

"ஒரே வெயில்," என்றார். "எடும்."

யூசுப் நானா விரலிடையே துணியைத் தேய்த்தார். "பாரமா இருக்கு தம்பி. இது யன்னல்ல தொங்கிற துணி, பறக்கிற துணியில்ல."

"காத்துக்கு என்ன நானா பாரம்? இது திருகோணமலை," என்றேன்.

அன்றைய நாட்குறிப்பில் இந்த வசனத்தைப் பெருமையோடு எழுதியும் வைத்திருக்கிறேன்.

கிண்ணியாவுக்குப் போகும் மாலைப் படகுக்கு முன் அவர் வேலையை முடித்துக் கொடுத்தார். ஒட்டுத் தெரியவில்லை. சிங்கத்துக்குப் பின்னால் மறுபடியும் ஒரு முற்றம் இருந்தது. வீட்டில் பரமேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல் வேலையா அந்தப் பேணியை எறியுங்கோ" என்றாள். எறிய மனம் வரவில்லை. திகதியெல்லாம் போட்டு வைத்த பொருள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் போய்க்கொண்டே, "அப்ப நான் முருங்கைக்காயை விடிய ஆய்ஞ்சு போடட்டோ? வாற ஆளுக்கு ஏன் விடோணும்?" என்றாள்.

பெப்ரவரி 4. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகக் குன்றேறி வந்தார்கள். உதவி ஆணையாளர் காலை இரயிலில் வந்திருந்தார். குள்ளமான, தங்கக் கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான மனிதர். சிங்களவர், தமிழ் தெரியாது. நான் கொடியை ஏற்றுவதும், பிறகு நிறங்களின் கருத்தைத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஏற்பாடு. நிறத்துக்கு ஒரு வசனம், மொத்தம் நான்கு வசனம் மனப்பாடம் செய்திருந்தேன்.

கொடி ஏறியது. உச்சியில் நின்றது. காற்று இல்லை.

மெல்லிய அசைவு இருந்தது. வேறு கொடி என்றால் அது போதும். எங்கள் கொடியின் நுனியில் கப்டனின் யன்னல் சீலை இருந்தது. அது தன் பழக்கப்படி நேராகக் கீழே தொங்கி, சிங்கத்தையும் தன்னோடு இழுத்துச் சுருட்டிக்கொண்டது. கம்பத்தோடு பச்சைப் பட்டி முழுதாகத் தெரிந்தது. செம்மஞ்சள் முக்கால்வாசி தெரிந்தது. மிச்சம் பிழிந்து போட்ட சாரத்துணி போலக் கிடந்தது. கூட்டத்தின் ஓரத்தில் யூசுப் நானா நின்றார். பாரமா இருக்கு என்று நேற்றே சொல்லிவிட்டார்.

"சிங்கம் எங்கே?" என்று உதவி ஆணையாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"காற்றுக்குக் காத்திருக்கிறது," என்றார் கப்டன். பிறகு என் பக்கம் குனிந்து, தமிழில் மெல்ல, "காற்று வருமட்டும் பேசும்" என்றார்.

என் கலியாணத்திலேயே நான் மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை. இப்போது பேசினேன். கண்ணுக்குத் தெரிந்தது பச்சை. ஆகவே பச்சையில் தொடங்கினேன். முஸ்லிம் மக்கள் என்றேன். வசனம் முடிந்துவிட்டது. காற்று வரவில்லை. கிண்ணியா என்றேன், மூதூர் என்றேன், அங்கே விளையும் நெல்லைச் சொன்னேன், துறை கடக்கும் படகைச் சொன்னேன், படகில் போனால் எந்தப் பக்கம் வெயில் படாது என்றும் சொன்னேன். உதவி ஆணையாளர் கப்டனிடம் ஏதோ கேட்டார். "பச்சையைப் பற்றிச் சொல்கிறார்," என்று கப்டன் மொழிபெயர்த்தது கேட்டது. சற்றுக் கழித்து, "இன்னும் பச்சைதான்." பிறகு நான் தமிழர்களுக்கு வந்தேன். சல்லி, நிலாவெளி என்ற கரையோர ஊர்கள், கரைவலை, கோயில் திருவிழா. என் தாய்மாமனின் வள்ளத்தில் பாய் கிழிந்த சம்பவத்தையும் விடவில்லை. "இப்போது செம்மஞ்சள்," என்றார் கப்டன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று வெயிலில் உட்கார்ந்துவிட்டது. ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

காற்றை முதலில் தண்ணீரில் கண்டேன். குடாவின் வாயிலில் கடல் கறுத்துச் சுருங்கி, அந்தச் சுருக்கம் எங்களை நோக்கி ஓடிவந்தது. கம்பத்துக் கயிறு தட்டத் தொடங்கியது. பாரமான நுனி ஒருமுறை தயங்கி, தூக்கி, விரிந்தது. வாளோடு சிங்கம் வெளியே வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கோ மனப்பாடம் செய்த வசனம் பறந்துபோயிருந்தது.

"சிங்கம்," என்றேன். "அது உங்களுக்குத் தெரியும்." இறங்கிவிட்டேன்.

குன்றிறங்கும்போது கப்டன் என் பக்கத்தில் நடந்தார். "பச்சையும் செம்மஞ்சளும் அவ்வளவு நீளம், சிங்கத்துக்கு ஒரு வரி. உம்முடைய பேச்சையும் யூசுப் நானாவிட்டயே தைக்கக் குடுத்தீர்?"

அவருடைய அறையில் உதவி ஆணையாளர் மேசையின் முன் அமர்ந்தார். கிழக்கு வெயில், சீலை இல்லாத பக்கத்தால் வந்து நேரே அவர் கண்ணில் விழுந்தது. எனது நியமனப் பத்திரம் அவர் முன்னால். பேனாவின் மூடி திறந்திருந்தது.

"மூன்று வருடம் ஒரே கொடி," என்றார். "நுனி கத்தி போல நேராக இருக்கிறது. உங்கள் முறையை எழுதித் தாருங்கள். எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பப்போகிறேன். கத்தரிக்கோலும் கொடுத்துவிடலாம்."

இதை நானோ கப்டனோ எதிர்பார்க்கவில்லை. கொடியைப் பார்ப்பார், கையெழுத்து வைப்பார், போவார் என்பதுதான் கணக்கு. "ஓம், சேர்" என்று ஒரு சொல் போதும். வீடு எனது, முருங்கை எனது. ஆனால் கண் முன்னால் காலி வந்தது, யாழ்ப்பாணம் வந்தது, கொழும்பு வந்தது. எங்கும் என்னைப் போன்ற ஒழுங்கான மனிதர்கள் கத்தரிக்கோலோடு நின்றார்கள். தீவு முழுவதும் சிங்கங்கள் ஒவ்வொரு விரலாக ஒடுங்கின.

கப்டனைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் கடலைப் பார்த்தார்.

"அது ஏலாது, சேர்," என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு வீட்டுக்குப் போய் பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தேன்.

உதவி ஆணையாளர் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்து, திகதி வாரியாக மேசையில் பக்கத்துக்குப் பக்கம் அடுக்கினார். சிங்கத்தின் பின்முற்றம் முழுவதும் அங்கே கிடந்தது. நான் நின்றுகொண்டு முறையை விளக்கினேன். நுனி, சாட்டை, ஒரு விரல். அவர் குறுக்கிடவில்லை. கடைசியில் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, "இந்த யன்னலுக்குச் சீலை இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கிறது," என்றார் கப்டன். "மேலே பறக்கிறது."

உதவி ஆணையாளர் எழுந்துபோய் மிஞ்சியிருந்த மறுபக்கச் சீலையைத் தொட்டுப் பார்த்தார். தலையை வெளியே நீட்டிக் குன்றின் உச்சியைப் பார்த்தார். திரும்பி வந்து அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் பரமேஸ்வரி விடியவே முருங்கைக்காய் முழுவதையும் பிஞ்சோடு பறித்துக் கடகத்தில் போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் செய்தது சரி என்று நினைத்தேன்.

"உங்களை நிரந்தரமாக்காவிட்டால், ஏன் என்று நான் எழுத வேண்டும்," என்றார். துண்டுகளைக் காட்டினார். "இதை எழுத வேண்டும். உங்கள் பெயரை எழுத வேண்டும், தையல்காரர் பெயரை எழுத வேண்டும், ஒவ்வொரு வருடமும் உங்கள் பதிலின் ஓரத்தில் 'மிக நன்று' என்று குறித்தவன் நான் என்பதையும் எழுத வேண்டும்." பேனாவைக் கையில் எடுத்தார். "எந்த மொழியில் எழுதினால் யாருக்கும் கோபம் வராது?"

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையெழுத்து வைத்தார். சுற்றறிக்கை பின்னர் வரத்தான் செய்தது. கேட்டாலும் கேளாவிட்டாலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் வருடத்துக்கு ஒரு புதிய கொடி அனுப்பப்படும் என்று அதில் இருந்தது. போகும்போது வாசலில் நின்று, முன்போலவே மரியாதையாக, "திரு. செல்வரத்தினம், கத்தரிக்கோலை நாளைக்கே கப்டனிடம் ஒப்படைத்துவிடுங்கள்," என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. அயல் வீடுகளிலும் அதுதான். பிஞ்சுகளைப் பறித்ததற்காகப் பரமேஸ்வரி என்னோடுதான் கோபித்துக்கொண்டாள்.

பெப்ரவரி 5. விழித்ததும் கத்தரிக்கோல்தான் நினைவுக்கு வந்தது. அதைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு குன்றிறங்கினேன். கப்டன் தன் வீட்டு விறாந்தையில் நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பொதியை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. எனக்கு மேலாகக் குன்றைப் பார்த்தார்.

"கொடி எங்க, செல்வரத்தினம்?"

திரும்பிப் பார்த்தேன். சூரியன் கிளம்பியிருந்தது. கம்பம் வெறுமையாக நின்றது. இத்தனை வருடத்தில் அது நடந்ததில்லை. நிரந்தரப் பொறுப்பாளராக என் முதல் காலை அது.

"போய் முதல்ல அதை ஏற்றும். கத்தரிக்கோல் ஒரு இடமும் ஓடாது," என்றார் அவர். பிறகுதான் பொதியை வாங்கினார்.

மூச்சு வாங்க மேலே ஓடினேன். காற்று எனக்கு முன்னமே வந்து கயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. கொடியை விரித்து, கயிற்றில் பூட்டுமுன், விரல்கள் தம்பாட்டில் நுனி வழியே ஓடின. யூசுப் நானாவின் தையலுக்கு அப்பால் இரண்டு நூல் கிளம்பியிருந்தது.

அப்படியே ஏற்றினேன்.